பேஸ்மென்டில் படுக்கையா? பெயின்ட்டுக்கு முன்னால் ஈரத்தைப் பாருங்கள்!

கனடாவில் மகனோ மகளோ வீடு வாங்கிவிட்டால், இங்கிருக்கும் பெற்றோருக்கு ஒரு போன் வரும். "கீழே பேஸ்மென்ட் சும்மாதான் கிடக்கு. ஒரு ரூம் போட்டுடறோம். வந்து ஆறு மாசம் இருங்க." ஆசைதான். ஆனால் இரைப்பு, மூட்டுவலி என்று மருந்து சாப்பிடுகிறவர்கள் கிளம்பும்போது, அந்த அறையைப் பற்றித்தான் நான் முதலில் விசாரிப்பேன். வைத்தியருக்கும் கட்டட வேலைக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சொல்கிறேன்.

டொரன்டோ பக்கம் குளிர்காலத்தில் மண் நாலடி ஆழம் வரை உறையலாம். அஸ்திவாரம் அதற்கும் கீழே போக வேண்டும். எப்படியும் தோண்டியாச்சு, அதையும் புழங்குவோமே என்றுதான் பேஸ்மென்ட். கோடையில் புழுக்கக் காற்று அந்தக் குளிர்ந்த கான்கிரீட்டில் பட்டால், ஐஸ் தண்ணீர் டம்ளர் மாதிரி வேர்க்கும். அதை மறைத்துப் பலகை அடித்து, கார்ப்பெட்டும் விரித்தால் உள்ளுக்குள் பூஞ்சணம்தான். கப உடம்புக்காரர்களுக்கு இருமலும் மூக்கடைப்பும் கேட்க வேண்டுமா?

கையில் 20,000 டாலர் இருக்கிறது, அதற்கு மேல் முடியாது என்று வைத்துக்கொள்வோம். பலர் தரை, பெயின்ட், பெரிய டி.வி. என்று ஆரம்பிக்கிறார்கள். நீங்கள் தலைகீழாகப் போங்கள். 4,000 டாலரைத் தொடாமல் ஒதுக்குங்கள். சுவரைத் திறந்தால் என்ன கிளம்பும் என்று சொல்ல முடியாது. முதல் செலவு வீட்டுக்கு வெளியே! கூரைத் தண்ணீர்க் குழாயைச் சுவரிலிருந்து ஆறடி தள்ளி விடுங்கள். மண்ணை வெளிப்பக்கம் சரிவாக்குங்கள். 2013 ஜூலை 8 அன்று டொரன்டோ விமான நிலையத்தில் 126 மி.மீ. மழை கொட்டியது. ஊரில் ஏகப்பட்ட பேஸ்மென்ட்களில் தண்ணீர்.

அடுத்து ஒரு சோதனை. இரண்டடிச் சதுர பாலிதீன் ஷீட்டைத் தரையில் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். ஷீட்டுக்கு அடியில் நீர் கோத்தால் மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது. மேலே கோத்தால் அறைக்காற்றிலேயே ஈரம். பனி உருகும் மார்ச், ஏப்ரலைத் தாண்டிவிட்டு வேலையை ஆரம்பிப்பது உத்தமம். காத்திருக்கக் காசா, பணமா? சுவருக்குப் பஞ்சை நேராகக் கான்கிரீட்டில் ஒட்ட விடாதீர்கள்; ஃபோம் பலகை நல்லது.

ரேடான் என்று ஒரு வாயு. மண்ணிலிருந்து கசியும், நிறமில்லை, வாசனையில்லை. புகைப்பழக்கத்துக்கு அடுத்தபடி நுரையீரல் புற்றுநோய்க்கு இதுதான் பெரிய காரணம். குளிர்காலத்தில் மூன்று மாதம் கருவி வைத்து அளக்க வேண்டும். கனடா அரசின் வரம்பு, ஒரு கன மீட்டருக்கு 200 பெக்கரல். மீறினால் தரையைத் துளைத்துக் குழாய் இறக்கி, விசிறி வைத்து வெளியே இழுக்க வேண்டும். தரை போட்ட பிறகு இதைச் செய்தால் இரட்டைச் செலவு.

படுக்கையறை என்றால், தீப்பிடித்தால் ஏறித் தப்பிக்கும் அளவுக்கு ஜன்னல் வேண்டும். ஒன்டாரியோ விதிப்படி திறப்பு குறைந்தது 0.35 சதுர மீட்டர். அகலமோ உயரமோ 380 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது. நேராக வெளியே போகும் கதவு இருந்தால் வேறு விஷயம். கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம்.

இப்போது கழிவறை. கட்டும்போதே குழாய் விட்டிருந்தால் பரவாயில்லை. இல்லையென்றால் கான்கிரீட்டை உடைக்க வேண்டும், பட்ஜெட்டில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். அதை விட்டுவிட்டு, ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்கும் அம்மாவை, மூட்டுவலியோடு படியேறச் சொல்லலாமா? அப்படியானால் பெரியவர்கள் மேலேயே படுக்கட்டும். டி.வி.யும் பிள்ளைகள் விளையாட்டும் கீழே போகட்டும். இரண்டு பக்கமும் கைப்பிடி மட்டும் போடுங்கள்.

"நொச்சி, சாம்பிராணிப் புகை போட்டால் ஈரம் போகுமா டாக்டர்?" என்று கேட்கிறார்கள். போகாது. மூடிய அறையில் புகை இரைப்புக்காரருக்கு ஆகாது. ஸ்மோக் அலாரம் வேறு அலறும். ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று வாங்கி வையுங்கள். பக்கத்தில் ஈரமானி 50 சதவீதத்துக்குக் கீழே காட்டட்டும்.