மாவு, மை, நீல பிளாஸ்திரி

சரக்கு மாஸ்டருக்கு எத்தனை வருஷ அனுபவம் என்பதை அந்தக் காலத்தில் கையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். முழங்கை வரை பொட்டுப் பொட்டாகத் தழும்பு இருந்தால் வடை, போண்டா போட்டவர். மணிக்கட்டுக்கு மேலே நீளமாக ஒரு கோடு ஓடினால் தோசைக்கல் ஓரம் பட்டது. இட்லிக் குண்டான் மூடியைத் திறந்து ஆவி வாங்கியவருக்குத் தோல் வழவழவென்று நிறம் மாறியிருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு மாஸ்டர் இடது கையை நீட்டி, எந்தத் தழும்பு எந்த ஊரில் வாங்கியது என்று வரிசையாகச் சொல்வார். மதுரை, விருதுநகர், கோயம்புத்தூர், கடைசியில் சென்னை. வலிக்கவில்லையா என்று கேட்டால், "தொழில்னா அதெல்லாம் இருக்கும் தம்பி" என்பதோடு சரி.

வைத்தியமும் அந்த அடுப்படியிலேயே இருந்தது. சுட்டுக்கொண்ட கை நேராக மாவுப் பாத்திரத்துக்குத்தான் போகும். புளித்த மாவை அள்ளி அப்பிக்கொண்டு அடுத்த ஈடு எடுக்கப் போய்விடுவார்கள். கல்லாவில் கணக்கெழுதும் மைப்புட்டி இருந்தால் அதைக் கவிழ்ப்பது இன்னொரு முறை. பிற்காலத்தில் பற்பசை. கத்தி பட்டால் டீ மாஸ்டரிடமிருந்து ஒரு சிட்டிகை காபித்தூள், அல்லது மஞ்சள்தூள், அதற்கு மேல் பழைய வேட்டித் துணியில் ஒரு கட்டு. கொஞ்சம் வசதியான கடை என்றால் சாமி படத்துக்குப் பின்னால் பாதி நசுங்கிய பர்னால் ட்யூப் ஒன்று கிடக்கும்.

முட்டாள்தனம் என்று சிரித்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. மாவு சில்லென்று இருக்கும். அப்பியதும் எரிச்சல் அடங்கும். காபித்தூள் ரத்தத்தை உறிஞ்சிக் கெட்டியாகும். கண்ணெதிரே பலன் தெரிகிற வைத்தியத்தை யார் விடுவார்? வினை பிறகுதான் வரும். தோல் வழன்ற இடத்தில் புளித்த மாவை வைப்பது கிருமிகளைக் குடியேற்றுவதற்குச் சமம். மாவு காய்ந்து ஓடாக ஒட்டிக்கொள்ளும். மருத்துவமனையில் முதலில் அதைக் கழுவிச் சுரண்டி எடுக்க வேண்டும். அந்த வேதனை சுட்டபோது பட்டதைவிட அதிகம். தீக்காயத்தின் ஆழத்தை டாக்டர் தோலின் நிறத்தை வைத்துத்தான் முதலில் மதிப்பிடுவார். மை பூசிய கையில் எந்த நிறத்தைப் பார்ப்பார்?

அடுப்படியும் மாறியது, ஆபத்தும் மாறியது. ஆட்டுக்கல்லில் விரல் நசுங்குவது அன்றாடக் கதையாக இருந்த காலத்தில், 1955இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் மின்சார கிரைண்டரை உருவாக்கினார். விரல் தப்பியது, ஆனால் சுற்றுகிற கல்லில் துண்டோ சேலைத் தலைப்போ சிக்கும் பயமும், ஈரத் தரையில் நின்று சுவிட்சைத் தொடும் பயமும் புதிதாக வந்தன. விறகும் புகையும் போய் 19 கிலோ சிலிண்டர் வந்தது. காய் வெட்டும் இயந்திரம், ஷவர்மா கத்தி, எந்நேரமும் கொதிக்கும் ஃபிரையர், கல்லைத் தேய்க்கும் ரசாயனத் திரவம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. அன்று மேசை துடைத்துக்கொண்டும் வெந்நீர் அண்டா தூக்கிக்கொண்டும் திரிந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள். 14 வயதுக்குட்பட்டவர்களை ஹோட்டல்களில் வேலைக்கு வைக்கக் கூடாது என்ற தடை 2006 அக்டோபர் 10 முதல்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய தழும்புகள் எத்தனை என்பதற்குக் கணக்கு ஏது?

இன்று ஓரளவு பெரிய ஹோட்டல் எதிலும் அடுப்படிச் சுவரில் பச்சைச் சிலுவை போட்ட வெள்ளைப் பெட்டி தொங்குகிறது. அது எப்படி வந்தது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தொழிலாளரைக் காக்கும் சட்டங்கள் நம்மிடம் வெகு காலமாகவே உண்டு. ஆனால் கடைக்காரர் நிஜமாகப் பயப்படுவது உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்குத்தான். 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த உணவு உரிம விதிமுறைகளின் நான்காம் அட்டவணை, வெட்டோ புண்ணோ இருந்தால் எப்போதும் மூடியிருக்க வேண்டும், அப்படிப்பட்டவர் உணவை நேரடியாகத் தொடக் கூடாது என்கிறது. ஆண்டுக்கொரு முறை மருத்துவப் பரிசோதனையும் கட்டாயம். நியாயமான விதிதான். ஆறாத புண்ணில் குடியிருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா உணவில் இறங்கினால் நச்சைக் கக்கும். பிறகு கொதிக்க வைத்தாலும் அந்த நச்சு அழிவதில்லை. ஆக, பெட்டிக்கு ஆணியடித்தது சாப்பிடுகிறவரின் வயிற்றைப் பற்றிய கவலை. சமைக்கிறவரின் கை அந்தக் கவலையின் நிழலில் பிழைத்துக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பெட்டிக்குள் இருக்கும் நீல நிற பிளாஸ்திரியே இதற்குச் சாட்சி. தோல் நிறத்தில் இருந்தால் கழன்று சாம்பாருக்குள் விழுந்தாலும் தெரியாது. நீல நிறத்தில் சாப்பாட்டுப் பொருள் அநேகமாக எதுவும் இல்லை, விழுந்தால் சட்டென்று கண்ணில் படும். உணவுத் தொழிற்சாலைகளில் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியில் சிக்குவதற்காக அதற்குள் மெல்லிய உலோகத் தகடும் வைப்பார்கள். கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. மேலே ஒரு கையுறையும் போட்டால் போதும், லேசான வெட்டுக்காரர் வேலையைத் தொடரலாம்.

சூட்டுக்குத்தான் இந்தப் பெட்டி உதவாது. தீக்காயத்துக்கு முதலுதவி தண்ணீர். ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ் வைக்கக் கூடாது. அது தோலை இன்னும் கெடுக்கும். மோதிரம், கயிறு, கடிகாரம் எல்லாவற்றையும் கை வீங்குவதற்குள் கழற்றிவிட வேண்டும். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான ஈரமில்லாத துணியால் தளர்வாக மூட வேண்டும். காசு செலவில்லாத வைத்தியம். ஆனால் மதியம் ஒரு மணிக்கு, சாப்பாட்டு டோக்கன் குவிந்து கிடக்கும்போது, 20 நிமிடம் யாரால் தர முடியும்? இரண்டு நிமிடம் காட்டிவிட்டு களிம்பைத் தடவிக்கொண்டு திரும்பி வந்துவிடுவதுதான் நடக்கிறது. அன்றைய மாவின் இடத்தில் இன்று ட்யூப். அவசரம் அதே அவசரம்.

இன்னொன்று. சித்திரை வெயிலில் மொட்டை மாடி பிளாஸ்டிக் டேங்கிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரே சுடும். சுட்ட கையை அதில் பிடித்து என்ன பயன்? விவரமான மாஸ்டர்கள் நிழலில் ஒரு டிரம்மில் தனியாகத் தண்ணீர் பிடித்து வைத்து, குவளையால் மொண்டு ஊற்றச் சொல்கிறார்கள்.

சுவரில் ஒட்டிய முதலுதவி அட்டை தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. அடுப்பில் நிற்கிறவர்களோ ஒடிசா, பிகார், அசாம், மேற்கு வங்கம் என்று பல ஊர்க்காரர்கள். எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதே என்பது அந்த அட்டையில் நாலாவது வரி. ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கும் எண்ணெயில் விழுந்தால் ஏறக்குறைய 1,700 லிட்டர் ஆவியாக வெடித்து, எரியும் எண்ணெயைக் கூரை வரை தூக்கியெறியும். அடுப்பை அணைத்துவிட்டு மூடியைப் போட்டால் அடங்கிவிடும். அந்த வரியைப் படிக்கத் தெரியாதவர் வாளியைத்தான் தேடுவார். சில கடைகளில் படம் போட்ட அட்டை வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல மாற்றம் என்று நான் சொல்வது அதைத்தான்.

பெரிய காயம் என்றால் அன்று சைக்கிள் ரிக்‌ஷா, பிறகு ஆட்டோ. 2008 செப்டம்பர் முதல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது. சென்னையில் என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவும் உண்டு.

போன மாதம் ஒரு ஹோட்டலில் கை கழுவப் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். தோசை மாஸ்டர் டிரம் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒடிசாக்காரப் பையன் குவளையால் அவர் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். கல்லில் தோசை ஊற்றியது முதலாளி. வட்டம் கோணலாக வந்தது. மாஸ்டர் எழப் பார்த்தார். பையன் தோளை அழுத்தி உட்காரவைத்து, செல்போனை எடுத்து நேரத்தைக் காட்டினான். "இன்னும் ஆறு நிமிட் மாஸ்டர்."