ஆடுகள் வந்தன, மனிதர்கள் போனார்கள்

ஸ்கொட்லாந்தின் வடகிழக்குக் கரையோரமாக ஏ-9 என்னும் நெடுவீதி செல்கிறது. அதில் ஹெல்ம்ஸ்டேல் துறைமுகத்தைக் கடந்து சில மைல் தூரம் வடக்கே போனால், கடலை நோக்கி ஓர் ஒற்றையடிப் பாதை பிரிகிறது. அது பட்பே கிராமத்துக்குப் போகும் வழி. கிராமம் என்றேன், ஆனால், இன்று அங்கு குடியிருப்போர் எவருமில்லை. இடிந்த சுவர்களும் ஒரு நினைவுத் தூணுமே உள்ளன.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதி நிலப்பிரபுக்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். பள்ளத்தாக்குகளில் பயிர் செய்துவந்த ஏழைக் குடிகள் தரும் குத்தகையைவிட, செம்மறியாட்டுப் பண்ணைக்காரர் தரும் குத்தகை அதிகம். ஆகவே, லாங்வெல், பெரிடேல் முதலிய பள்ளத்தாக்குகளின் குடிகள் வெளியேற்றப்பட்டனர். அவர்களிற் சிலருக்குக் கிடைத்தது, கடலுக்கு மேலே செங்குத்தாக நிற்கும் பாறையின் விளிம்பு. கல்லைப் பெயர்த்து நிலம் திருத்தி, அந்தக் கல்லாலேயே வீடும் கட்டினார்கள். காற்று அடித்துக்கொண்டு போகாதபடி, கால்நடைகளோடு குழந்தைகளையும் கயிற்றாற் கட்டி வைத்தார்களாம். இது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

உழவு தெரிந்தவர்கள் ஹெரிங் மீன்பிடி பழகினார்கள். ஆயினும், அந்த மண் அவர்களைத் தாங்கவில்லை. பலர் கப்பலேறினர். 1839இல் நியூசிலாந்து சென்ற ஒருவரின் மகன், 1911இல் இங்கே அந்தத் தூணை எழுப்பினார். இங்கு வாழ்ந்தோரின் பெயர்கள் அதிற் பொறிக்கப்பட்டன. அதே ஆண்டில்தான் கடைசிக் குடியும் வெளியேறியது.

இதே வீதியில் இன்னும் வடக்கே உள்ளது டன்பீத். நாவலாசிரியர் நீல் கன் 1891இல் பிறந்த ஊர் அது. 1941இல் வெளிவந்த அவரது 'த சில்வர் டார்லிங்ஸ்', நிலமிழந்து கரைக்குத் தள்ளப்பட்ட மக்கள் கடலைக் கற்றுக்கொண்ட கதை. அவர்களை இரங்கத்தக்கவர்களாக மட்டும் அவர் காட்டவில்லை. துணிவும் திறமையும் உள்ளவர்களாகவே காட்டினார்.

பட்பேக்குப் போகிறவர்கள் முதலில் அந்நாவலைப் படிப்பது நல்லது. படித்தவருக்கு, தூணில் உள்ளவை வெறும் பெயர்களாகத் தோன்றா. குழந்தைகளோடு போனால் அவர்கள் கையை விடாதீர்கள். காற்று இன்றும் அப்படியேதான் வீசுகிறது.