பொன்பல்லியின் கண்

திருமலையில் பொழுது சாய்ந்தபின், அருவியை ஒட்டிய பாறைப் பிளவுகளின் அருகே சற்று நின்று செவி சாய்த்தால் உரத்த குரலொன்று கேட்பதுண்டு. அக்குரலுக்கு உரியது ஒரு பல்லி. நம் வீட்டுச் சுவரில் ஊர்வதைவிடப் பெரியது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பல்லியின் உடல் பொன்னிறம் கொள்ளும். அதனால் தெலுங்கு மக்கள் இதனைப் 'பங்காரு பல்லி' என்கின்றனர். நாம் பொன்பல்லி என்போம். காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலில் பொன்முலாம் பூசிய பல்லியைத் தொட்டு வணங்கித் திரும்பியோர் நம்மில் பலர். உயிருள்ள பொன்பல்லி ஒன்று வேங்கடமலையில் வாழ்வதை அறிந்தவர் சிலரே.

1870-ஆம் ஆண்டில் பெடோம் என்னும் ஆங்கிலேய வன அதிகாரி இவ்வினத்தை முதன்முதலாக விவரித்து எழுதினார். அந்நாளில் இம்மலை வட ஆர்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. மாவட்டத் தலைமையிடம் சித்தூர். 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 2022-இல் திருப்பதியும் அதனின்று பிரிந்தது. இப்பல்லி வாழும் சேஷாசலக் காடுகள் 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பெற்றன.

இனி ஒரு கேள்வி. இரவில் நடமாடும் பிராணிக்குப் பொன்னிறம் எதற்கு? மங்கிய நிலவில் நமக்குப் பொன்னும் ஈயமும் ஒன்றுபோலவே தோன்றும். காண்பார் இல்லாத அழகை இயற்கை பூசி வைத்திருக்கிறதா? இதற்கு விடை காணப் பல்லியின் கண்ணினுள், அதிலும் கண்ணின் உயிரணுக்களுக்குள் இருக்கும் புரதங்களிடம் நாம் செல்ல வேண்டும்.

நம் விழித்திரையில் ஒளியை உணரும் அணுக்கள் இருவகை. கூம்பணுக்கள் சுமார் 60 இலட்சம். அவை பகலில் நிறங்களைப் பிரித்துக் காட்டுவன. கோலணுக்கள் சுமார் 12 கோடி. அவை இருட்டுக்கு உரியவை. கோலணுவில் ஒளியைப் பிடிப்பது ரொடாப்சின் என்னும் பொருள். மாட்டின் கண்ணிலுள்ள ரொடாப்சினில் 348 அமினோ அமிலங்கள், நூலில் கோத்த மணிகள்போல் தொடர்ந்து, அணுவின் சவ்வை ஏழு முறை ஊடுருவிச் செல்கின்றன. அவ்வேழு மடிப்புகளுக்கு நடுவே ரெட்டினால் என்னும் சிறு மூலக்கூறு வளைந்து அமர்ந்திருக்கிறது. ஓர் ஒளித்துகள் படுகிறது, வளைந்தது நிமிர்கிறது, அந்த அசைவில் புரதத்தின் வடிவமே மாறுகிறது, மூளைக்குச் செய்தி புறப்படுகிறது. நாம் காண்பதெல்லாம் இந்த நிமிர்தலில் தொடங்குவதே. இந்த ரெட்டினாலை உடல் வைட்டமின் ஏ-யிலிருந்து செய்துகொள்கிறது. முருங்கைக்கீரையும் பப்பாளியும் கிடைக்காத குழந்தைக்கு மாலைக்கண் வருவது, இந்தச் சிறு மூலக்கூறு போதாமையாலேதான். கண்ணில் வைட்டமின் ஏ ஆற்றும் பணியை விளக்கிய ஜார்ஜ் வால்டு 1967-இல் நோபல் பரிசு பெற்றார்.

ரொடாப்சினுக்கு மற்றொரு சிறப்பு உண்டு: அது பொய் சொல்லாது. ஒளி படாமலே உடற்சூட்டினால் ரெட்டினால் தானாக நிமிர்ந்துவிட்டால், இல்லாத ஒளியை மூளை கண்டதாக எண்ணும். ஒரு ரொடாப்சின் மூலக்கூறு அவ்வாறு தவறுவதற்குச் சராசரியாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். ஒரு கோலணுவில் சுமார் 10 கோடி மூலக்கூறுகள் இருப்பதால், அணு முழுவதிலும் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒரு முறை தவறு நேரும். கூம்பணுப் புரதமோ அடிக்கடி தவறும் இயல்புடையது. பகலொளியில் அப்பிழை மறைந்துவிடும், இரவில் மறையாது.

இப்போது பல்லியிடம் வருவோம். முதுகெலும்புள்ள பிராணிகளின் மூதாதையிடம் இப்பார்வைப் புரதங்கள் ஐந்து வகையாக இருந்தன. நான்கு கூம்பணுவுக்கு, ஒன்று கோலணுவுக்கு. பல்லிகளின் முன்னோர் நெடுங்காலம் பகலில் வாழ்ந்தனர். பயன்படாத பொருள் கைநழுவுவது இயல்பல்லவா? கோலணுவின் புரதத்தையும் கூம்புப் புரதம் ஒன்றையும் அவை மரபிலிருந்தே இழந்துவிட்டன. பின்னர் பல்லிக் குலம் இரவு வாழ்க்கைக்குத் திரும்பியது. இருட்டுக்குரிய புரதம் கையில் இல்லை. தொலைந்த மரபணு மீண்டு வருவதும் இல்லை.

கூம்பணுவே உருமாறிக் கோலணுவாயிற்று என்று அமெரிக்க அறிஞர் கார்டன் வால்ஸ் அணுக்களின் வடிவைக் கொண்டே கருதினார். 1942-இல் வெளியான அவருடைய பெருநூலிலும் இக்கருத்து விரிவாக இடம்பெற்றது. துணிவான ஊகந்தான். அரை நூற்றாண்டுக்குப்பின் 1992-இல் ஜப்பானிய அறிஞர்கள் டோக்கே பல்லியின் கண்புரதத்தை ஆராய்ந்தபோது, அது ரொடாப்சின் அன்று, கோழியின் சிவப்புக் கூம்புப் புரதத்துக்கு நெருங்கிய உறவு என்று கண்டனர். இரவில் இரைதேடும் பல்லி, பகற்புரதத்தைக் கொண்டே பார்க்கிறது!

ஆனால் தவறும் இயல்புடைய புரதத்தை வைத்து இருளில் பிழைப்பது எங்ஙனம்? அதற்கு விடை 2021-இல்தான் கிடைத்தது. இதுவும் ஜப்பானிய ஆய்வே. இரவுப் பல்லிகளின் கூம்புப் புரதங்களில் சில அமினோ அமிலங்கள் மட்டும் மாறியிருந்தன. அம்மாற்றத்தால் அவை ரொடாப்சினைப் போலவே அமைதி பெற்றுவிட்டன. இன்னும் வியப்பு யாதெனில், இரவை விட்டு மீண்டும் பகலுக்கு வந்த பல்லி இனங்களில் அதே புரதங்கள் பழைய பதற்றத்தையும் திரும்பப் பெற்றுள்ளன. பகலில் அமைதியைவிட விரைவே தேவை போலும்.

ஒரு கதவு அடைபட்டதால் பல்லிக்கு எதிர்பாராத ஊதியம் ஒன்றும் கிட்டியது. நம் கோலணுக்களில் புரதம் ஒரே வகை. ஆகவே இருட்டில் நிறமில்லை. பல்லியிடம் மூன்று வகை எஞ்சின. மூன்றும் இரவுப் பணிக்கு வந்தன. 2004-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள், மங்கிய நிலவொளி அளவில், மனிதர் நிறமறியா இருட்டில், ஓர் இரவுப் பல்லி நீலத்தையும் சாம்பலையும் வேறுபடுத்தி அறிவதைக் காட்டினர். நிறங்காணும் திறனில் அதன் கண் நம் கண்ணைவிடச் சுமார் 350 மடங்கு கூர்மையுடையது என்பது கணக்கு. ஆகவே வேங்கடமலையின் இருளிலும் பொன்னைப் பொன்னென அறியும் கண்கள் உண்டு என்று எண்ண இடமிருக்கிறது.

இத்தகைய கண்ணுக்கு வெளிச்சமே இடையூறு. திருமலையில் இரவு முழுவதும் மின்விளக்குகள் எரிகின்றன. யாத்திரிகர்களுக்கு அவை வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆயினும் குரல் வந்த பாறை இடுக்கில் கைவிளக்கைப் பாய்ச்சிப் பார்ப்பதற்கு அவ்வளவு அவசியம் இல்லை. பளீரென்ற ஒளியில் கண்ணின் நிறமி வெளுத்துவிடும். விளக்கை அணைத்தபின் நம் கோலணுக்கள் இருளுக்கு முழுதும் பழகவே அரைமணி நேரம் ஆகிறது.