சுவரை ஒட்டி மரத்தளம் போடலாமா?

மாமல்லபுரம் கடலோர வீடுகளில் தோட்டத்து மரத்தளத்தைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் உள்ளே உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். ஏன்?

செங்கல்லின் நுண்துளைகள் ஈரத்தை மேலே இழுக்கும். அதைத் தடுக்கத்தான் சுவரின் அடிப்பகுதியில் டிபிசி எனப்படும் ஈரத்தடுப்பு அடுக்கு. தளம் அந்த மட்டத்தைத் தாண்டினால் மழைநீர் தடுப்புக்கு மேலாகச் சுவருக்குள் போய்விடும். நீர் உலர, கடற்காற்று கொண்டுவந்த உப்பு துளைக்குள் படிகமாக வளர்ந்து நெருக்கும். கடற்கரைக் கோயிலில் தொல்லியல் துறை காகிதக்கூழ் அப்பி உப்பை உறிஞ்சியெடுப்பது இதனால்தான். கருங்கல்லுக்கே அந்தக் கதி, செங்கல் எம்மாத்திரம்?

எப்படிப் போடுவது? வீட்டுத்தளம் சுற்றுத்தரையைவிட 450 மி.மீ. உயரமாவது இருக்கவேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அந்த உயரத்தை மரத்தளம் விழுங்கக் கூடாது. டிபிசிக்கு 150 மி.மீ. கீழே, சுவரிலிருந்து விரலளவு தள்ளி, தனிக் கால்களில் நிற்கட்டும். வாசலில் ஒரு படி இறங்கவேண்டிவரும், இறங்கினால் என்ன?