முதல் ஷீட் எங்கே சார்?

ஐப்பசி பிறந்துவிட்டால் போதும், சொந்த வீட்டுக்காரர், வாடகை வீட்டுக்காரர் என்ற பேதமில்லாமல் எல்லாரும் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். முக்கியமாக, வீட்டுக்குப் பின்னால் மரச்சட்டமும் பிளைவுட்டும் வைத்து ஷெட் போட்டு, அதில் பைக்கை நிறுத்தியிருக்கும் வாலிபர்கள்!

ஷெட் ஒழுகினால் என்ன செய்வோம்? தார் ஷீட் ஒரு ரோல் வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறிவிடுவோம். தப்பே இல்லை. சின்ன ஷெட் என்றால் இரண்டு பேர் சேர்ந்து அரை நாளில் முடித்துவிடலாம். ஆனால், மேலே ஏறியதும் கை தானாக உச்சிக்குப் போகும் பாருங்கள்... அங்கேதான் கோளாறு!

தார் ஷீட்டுக்கு வேதவாக்கு ஒன்றே ஒன்று: கீழேயிருந்து மேலே.

மேல் ஷீட்டின் ஓரம் கீழ் ஷீட்டின் மீது படிந்திருந்தால், தண்ணீர் சறுக்கிக்கொண்டு வெளியே போய்விடும். தலைகீழாகப் போட்டால், அந்த ஓரமே வாயைத் திறந்து 'வாங்க, வாங்க' என்று மழையை உள்ளே அழைக்கும். அப்புறம் கிலோக்கணக்கில் ஆணி அடித்தாலும் பிரயோஜனமில்லை.

இது ஒன்றும் புது வித்தை இல்லை. கீற்று வேய்கிறவர் முதல் கீற்றை எங்கே கட்டுகிறார்? கூரையின் கீழ்முனையில், இறவாரத்தில்! ஓடு போடுகிறவரும் அப்படித்தான்.

சரி, ஏணியை எடுங்கள்.

* கிழிந்த பழைய ஷீட்டை உரித்துவிடுங்கள். உளுத்துப்போன பலகை இருந்தால் மாற்றுங்கள். அதில் ஆணி நிற்காது.

* ரோல் பெரும்பாலும் 1 மீட்டர் அகலம். தேவையான நீளத்துக்கு வெட்டி, கொஞ்ச நேரம் தரையில் விரித்து வையுங்கள். சுருள் அடங்காமல் அடித்தால் அலை அலையாக நிற்கும்.

* முதல் பட்டை இறவாரத்தில். பலகைக்கு வெளியே 2 அங்குலம் நீட்டி, கீழே மடக்கி அடியுங்கள்.

* அடுத்த பட்டை அதன்மேல் 3 அங்குலமாவது ஏறி உட்கார வேண்டும். ஒரே வரிசையில் இரண்டு துண்டு சேருகிற இடத்தில் 6 அங்குலம். இடையில் தார்ப்பசை தடவுங்கள்.

* உச்சியில் இரண்டு பக்கமும் கவிகிற மாதிரி ஒரு அடி அகலத் துண்டு. கூரைக்குத் தொப்பி!

* துருப்பிடிக்காத, தலை அகலமான குட்டை ஆணிதான் சரி. ஓரங்களில் 2 அங்குலத்துக்கு ஒன்று. நடுவில் அடிக்காதீர்கள். அங்கே ஒவ்வொரு ஆணியும் ஒரு ஓட்டை.

ஓரத்துக்கு ஏன் இத்தனை ஆணி? காற்று முதலில் விரலை நுழைப்பது அங்கேதான். 2016 டிசம்பர் 12-ல் சென்னையைப் புரட்டிப்போட்ட வர்தா புயலைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். உச்சி வெயிலில் தார் இளகி, கால் வைத்த இடமெல்லாம் தடம் விழும்.

இனி விளையாட்டுப் பேச்சு இல்லை. பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால், 'சும்மா ஒரு கால்' என்றுகூட அதில் ஊன்றாதீர்கள். சத்தமில்லாமல் உடைந்து ஆளைக் கீழே தள்ளிவிடும். கேஸ் டார்ச்சால் உருக்கி ஒட்டுகிற ஷீட், மொட்டை மாடி கான்கிரீட்டுக்குச் சரி. மரக்கூரைக்கு வேண்டவே வேண்டாம். பிளைவுட், தார், கீழே பெட்ரோல் பைக்... இவற்றுக்கு நடுவே நெருப்பா? மழைக்குப் பயந்து தீயை வரவழைக்காதீர்கள்.

'நமக்கு ஏணியே ஆகாது சார்' என்கிறீர்களா? ஆசாரியைக் கூப்பிடுங்கள். கூலி பேசுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி:

"அண்ணே, முதல் ஷீட்டை எங்கே போடுவீங்க?"

"கீழே, இறவாரத்துலதான் சார்" என்றால், உடனே டீ வாங்கிக் கொடுங்கள்.

"எங்கே போட்டா என்ன சார்?" என்றால்... பைக்கை வேறு இடத்தில் நிறுத்தப் பாருங்கள்!