கந்தப்பளை மலையும் பொன்தாங்கு குவாட்சு நாளங்களும்

கந்தப்பளையைச் சூழ்ந்த தேயிலைச் சரிவுகளை ஊடறுத்துச் செல்லும் வீதியோரங்களிலும் ஓடைக் கரைகளிலும் வெண்ணிறக் கற்கள் செம்மண்ணிடையே தலைகாட்டுவதை அப்பகுதி மாணவர் பலரும் கண்டிருப்பர். சேலத்துப் பக்கத்தே வெங்கச்சங்கல் என வழங்கும் இக்கல்லை நிலநூலார் குவாட்சு என்பர். ஓடை மணலைக் கையில் அள்ளிப் பார்ப்பின் மஞ்சள் நிறத் துகள்கள் மினுங்குவதும் உண்டு. வெள்ளைக் கல்லும் மினுங்கும் துகளும் ஓரிடத்தே காணப்படின், மலையின் வயிற்றிலே பொன் உளது என்னும் எண்ணம் எழுதல் இயல்பே.

இவ்வெண்ணம் புதியதன்று. நுவரெலியாவில் எட்டாண்டு வாழ்ந்த சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், 1855 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலிலே அப்பகுதியின் மாணிக்கக் குழிகளைப் பற்றியும், பொன் கண்டெடுக்கப்பட்ட செய்தி பற்றியும் எழுதினார். விவிலியம் கூறும் ஓபீர் என்னும் பொன்னாடு இலங்கையே ஆகலாமோ எனவும் ஊகித்தார். நான்காண்டு கழித்து வெளிவந்த எமர்சன் தெனந்தின் இலங்கை வரலாறு, மேற்கு நோக்கிப் பாயும் மகா ஓயா முதலிய ஆறுகளின் படுகையிற் பொன் நுண்டுகள்களாகக் கிடைப்பதைக் குறிப்பிடுகின்றது. பொன் இல்லாமல் இல்லை. ஆயினும் நூற்றெழுபது ஆண்டுகள் கழிந்தும் மலைநாட்டிற் பொற்சுரங்கம் ஒன்றும் எழவில்லை. இதற்குக் காரணம் முயற்சிக் குறைவன்று. பாறையின் பிறப்பிலேயே அக்காரணம் அமைந்துளது.

பொன் தாங்கிய குவாட்சு நாளம் எவ்வாறு உண்டாகின்றது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். மலைகள் எழும் காலத்தே, புவியின் ஆழத்திற் பாறைகள் சூடேறும்போது அவற்றின் கனிமங்களிற் பிணைந்திருந்த நீர் வெளியேறுகின்றது. அவ்வெந்நீர் பாறையிலிருந்து சிலிக்காவையும், கந்தகத்தையும், மிகமிகச் சிறிய அளவிற் பொன்னையும் கரைத்துக்கொண்டு மேலெழும். பொன் எளிதிற் கரையாத உலோகம். கந்தகத்தோடு கூடியே அது வெந்நீரிற் பயணம் செய்கின்றது. ஏறத்தாழ ஐந்து முதல் பதினைந்து கிலோமீற்றர் ஆழத்தில், வெப்பம் 250 முதல் 400 பாகை செல்சியசு வரை தணியும் இடங்களிலே, நில அசைவினாற் பிளவுகள் திடீரென வாய்திறக்கும். அழுத்தம் குறைந்தவுடன் சிலிக்கா குவாட்சாகப் படிந்து பிளவை அடைக்கும். மீண்டும் அழுத்தம் ஏறும், மீண்டும் பிளக்கும். ஒரே நாளத்திற் பல அடுக்குகள் காணப்படுதல் இதனாலேயே. இரும்பு மிகுந்த கரும்பாறை அருகில் இருப்பின், நீரிலுள்ள கந்தகத்தை இரும்பு பற்றிக்கொள்ள, துணை இழந்த பொன் அங்கேயே தங்கிவிடும்.

இவ்வகைக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு கருநாடக மாநிலத்துக் கோலார். அங்கே ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகட்கு முந்திய எரிமலைப் பாறைகள் இரும்பு செறிந்தவை. அவற்றின் ஊடே, பல இடங்களில் ஒரு மீற்றரை ஒட்டிய அகலமே உடைய சாம்பியன் நாளம் கிலோமீற்றர்க் கணக்கில் நீண்டு கிடந்தது. பண்டையோர் தோண்டிய குழிகளே 1880களில் வந்த கம்பெனிக்கு வழிகாட்டின. கைமுதல் தீரும் தறுவாயில், அப்பழங்குழிகட்குக் கீழே இறங்கியபோதுதான் நாளம் அகப்பட்டது. நூற்றிருபது ஆண்டளவில் ஏறத்தாழ 800 தொன் பொன் எடுக்கப்பட்டது. சுரங்கம் மூன்று கிலோமீற்றருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது; 2001 ஆம் ஆண்டு பெப்ரவரி 28 இல் மூடப்பட்டது. வட ஆர்க்காட்டிலும் சேலத்திலும் பஞ்சம் விரட்டிய குடும்பங்களிற் சில கண்டிச் சீமைக்குக் கப்பலேறின. சில கோலாருக்கு நடந்தன. ஒரு சாரார் மலைமேற் கொழுந்து கொய்ய, மற்றச் சாரார் பாறைவெடிப்புக்கும் கல்தூசி தரும் நுரையீரல் நோய்க்கும் இடையே, அனலாய்க் கொதிக்கும் சுரங்கத்திற் கல்லுடைத்தனர். பொன்னின் பெயரால் இருவரில் எவரும் செல்வரானாரல்லர்.

கந்தப்பளைப் பாறையோ வேறு குலத்தது. நைசும் சார்ணோக்கைற்றும் குவாட்சைற்றும் கலந்த இத்தொகுதி, ஏறத்தாழ 60 முதல் 55 கோடி ஆண்டுகட்கு முன்னர், கொண்டுவானாக் கண்டம் இணைந்த காலத்தே, இருபது முப்பது கிலோமீற்றர் ஆழத்தில் 800 பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்தில் வெந்து உருமாறியது. அவ்வெப்பத்திற் பாறையின் நீர் பெரும்பாலும் வடிந்துபோயிற்று. பொன்னைச் சுமந்த நீர் இருந்திருப்பின் அது மேலேறி, மேலடுக்குகளிலேதான் பொன்னை இறக்கியிருக்கும். அம்மேலடுக்குகளை மழையும் ஆறும் பல கோடி ஆண்டுகளாக அரித்துக் கடலிற் சேர்த்துவிட்டன. இன்று தேயிலை நிற்பது அடுப்பின் அடித்தளத்தின்மேல் எனலாம். சமைத்த பண்டம் என்றோ போய்விட்டது. ஆழத்திற் பிறந்தமையால் இத்தீவுக்கு வாய்த்த செல்வம் பிறிதொன்று. போகலை, கஹட்டகஹ சுரங்கங்களிலே பாறைப் பிளவுகளை நிரப்பி நிற்பது பொன்னன்று, காரீயம். 1903 இல் தொடங்கிய கனிப்பொருள் அளவீட்டின் முதல் இயக்குநராயிருந்த ஆனந்த குமாரசுவாமி 1904 இற் கண்டறிந்ததும் தோரியனைற்று என்னும் அரிய கனியமே. கலைவரலாற்று மேதையாகவே அறியப்படும் அவர் நிலநூலறிஞராய்த் தொடங்கியவர் என்பதை மாணவர் பலர் அறியார்.

ஆயின் வீதியோரத்து வெள்ளைக் கல் யாது? பெரும்பாலும் அது பண்டைக் கடற்கரை மணல் வெந்து இறுகிய குவாட்சைற்று. அன்றேல் உருகிய பாறைக் குழம்பின் எச்சமாகிய பெக்மறைற்றின் ஒரு கூறு. குவாட்சு உலகில் மிக மலிந்த கனியங்களுள் ஒன்று. பொன் தாங்கிய குவாட்சோ மிக அரிது. ஓடையில் மினுங்குவது பெரும்பாலும் காக்காய்ப்பொன். கரிய மைக்கா மழையில் நைந்து மஞ்சளித்த தகடே அது. நகத்தாற் கீறினால் ஏடேடாக உரியும், நீரிலே மிதந்தோடும். கந்தகமும் இரும்பும் சேர்ந்த பைறைற்று சுத்தியலடியில் நொறுங்கும். உரைத்தாற் கருங்கோடு தரும். பொன் நொறுங்காது, தட்டையாகும். அதன் கோடும் பொன்னிறமே. குவாட்சின் அடர்த்தி 2.65, பைறைற்றினது 5, தூய பொன்னினது 19.3. எனவே தட்டில் மணலை நீரோடு சுழற்றும்போது யாவும் வழிந்த பின்னர் அடியிற் கிடப்பதே ஐயத்துக்குரியது.

நாளம் தேடுவோரின் தொழில்முறையும் இவ்வடர்த்தியையே பற்றி நிற்கின்றது. ஆற்றின் கீழ்ப்பகுதியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கிளையோடையின் மணலையும் அரித்துக்கொண்டே மேலேறுவர். பொற்றுகள் எக்கிளையில் நின்றுபோகின்றதோ, அதற்கு அண்மையிலே மூலம் உண்டு. துகள் உருண்டையாயின் தொலைவிலிருந்து வந்தது. கூர்முனையோடிருப்பின் நாளம் அருகில். பின்னர்ச் சரிவிலே குறுக்குப் பள்ளம் வெட்டி, நாளத்தின் அகலம் முழுவதையும் வாய்க்காலாகச் செதுக்கி மாதிரி எடுப்பர். கண்ணுக்கு அழகிய துண்டைப் பொறுக்குதல் கூடாது. அது தன்னைத்தானே ஏமாற்றுதலாகும். அதன்பின் துளையிட்டு ஆழத்தின் பாறைத்தண்டை வெளியெடுத்து, ஈயத்தோடு உருக்கிப் புடமிட்டு நிறுப்பர். தொன்னுக்கு ஐந்து கிராம் பொன் இருப்பின் நல்ல நாளம் என்பர். இருநூறாயிரத்தில் ஒரு பங்கு! கண்ணாற் காண்பது எங்ஙனம்?

இவ்வொழுங்கைக் கைவிட்டோர் கதையை நீலகிரியைச் சார்ந்த தென்கிழக்கு வயநாடு கூறும். கந்தப்பளையைப் போலவே மலைத்தோட்டப் பகுதி அது. அங்குக் குறும்பர் ஓடைமணலை அரித்துப் பொன் எடுத்துவந்தனர். இந்திய நிலவியல் அளவைத்துறையின் வில்லியம் கிங் 1875 இல் அது பற்றி அறிக்கை எழுதினார். இலங்கைக் கோப்பியை 1869 முதல் அழித்த இலைநோய் அங்கும் பரவ, தோட்டத்துரைமாரின் நம்பிக்கை பொன்மேற் சென்றது. ஆஸ்திரேலியாவின் விற்றோரியாவிற் சுரங்கத்துறைச் செயலாளராயிருந்த புறோ சிமித்து அழைக்கப்பெற்று, 1880 இல் நம்பிக்கையூட்டும் அறிக்கை அளித்தார். இலண்டனிற் கம்பெனிகள் காளான்போல முளைத்தன. முதலிற் பெரும்பங்கு நிலம் வாங்குவதிலேயே கரைந்தது. நாளத்தின் ஆழம் சோதிக்கப்படுமுன் கல்லரைக்கும் பொறிகள் தேவாலாவுக்கும் பந்தலூருக்கும் மலையேறின. மழையில் நைந்த மேற்பகுதியிலே பிற கனியங்கள் கரைந்தகல, பொன் மட்டும் தங்கிச் செறிந்திருந்தது. அதனடியில் நாளம் வறிதாயிற்று. அரைத்த கல் கூலிக்கும் கட்டவில்லை. ஓரிரண்டாண்டிற் பங்குகள் வீழ்ந்தன. பொறிகள் காட்டிலே துருவேறின. சோதனைக்கு ஆகும் பொருள் ஆதாயத்தைக் குறைக்கும் என அஞ்சியோர், சோதியாமையாலே யாவும் இழந்தனர்.

இலங்கையில் 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்க, கனிப்பொருள் சட்டப்படி, கனியம் தேடுதற்கும் அகழ்தற்கும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் உரிமம் வேண்டும். கந்தப்பளைச் சரிவுகளில் இது வெறும் சட்டப் பேச்சன்று. இங்குப் பாறை ஆழம்வரை நைந்து மண்ணாகியுளது. அம்மண்ணை இறுக்கி நிற்பன வேர்களும் கல்லணைகளும் வடிகான்களுமே. மறைவாக வெட்டிய குழியிலே பருவமழை நீர் தேங்கின், அதன் பாரத்தால் மேற்சரிவு முழுவதும் நழுவக்கூடும். அத்தகைய சரிவுகளின் அடியிலே லயங்கள் வரிசையாக நிற்கின்றன.