நீருக்கடியில் ஒரு பெட்டி – 9
தோல் ஆலை தந்த வளையம்

போன வாரம் படகு மோட்டாரின் கியர் பெட்டியில் கீழ்த் திருகைத் தளர்த்தியதும் முதலில் தண்ணீர் வந்தது. பின்னாலேயே பால் விட்ட டீ நிறத்தில் ஆயில் இறங்கியது. பெட்டிக்குள் தண்ணீர் புகுந்ததற்கு இதுவே சாட்சி.

திருவேற்காட்டில் உட்கார்ந்துகொண்டு படகு மோட்டாரா என்று சிலர் கேட்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனவர்கள் லாரியில் படகேற்றி வந்து, சென்னைத் தெருக்களில் ஆட்களை மீட்டார்களே, அன்று பிடித்த பித்து இது. காசிமேட்டிலிருந்து வந்த இந்தப் பழைய 9.9 குதிரைத்திறன் கெரசின் மோட்டாரை இங்கே பிரிப்பதில் ஒரு வசதியும் உண்டு: ஷாப்ட் தேய்ந்திருந்தால் அம்பத்தூர் எஸ்டேட் லேத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம்.

புரொப்பல்லரைக் கழற்றினேன். ஷாப்ட்டைச் சுற்றி நைலான் நரம்பு இறுகிக் கிடந்தது. கடலில் அறுந்து மிதக்கும் வலைத்துண்டு இப்படித்தான் உள்ளே நுழைந்து, சூடேறி, ஆயில் சீலின் உதட்டை அறுக்கிறது.

ஓடும்போதுதான் தண்ணீர் ஏறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நின்ற பிறகு ஏறுவதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஓட்டத்தில் கியர் ஆயில் சூடாகிறது, உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது. நடுக்கடலில் வலை இழுக்க மோட்டாரை அணைத்ததும், சுற்றியுள்ள நீர் பெட்டியைக் குளிர்விக்கிறது. காற்று சுருங்கி, பெட்டி உள்ளிழுக்கத் தொடங்குகிறது. சீல் கிழிந்திருந்தால் கடல் நேராக உள்ளே.

அதனால்தான் புரொப்பல்லர் ஷாப்ட்டில் பெரும்பாலும் இரண்டு சீல்களை முதுகோடு முதுகாக அடித்திருக்கிறார்கள். ஒன்றின் உதடு உட்பக்கம், ஆயிலைக் காக்க. மற்றதன் உதடு வெளிப்பக்கம், தண்ணீரைத் தடுக்க.

ஆயில் சீல் என்ற இந்த வளையத்தின் பூர்வீகத்தைத் தேடப்போய் இந்த வாரம் முழுக்க அதிலேயே கிடந்தேன். ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் 1849இல் தொடங்கிய தோல் பதனிடும் ஆலை பிராய்டன்பெர்க். 1929இல் உலகப் பொருளாதாரம் சரிந்து தோல் வியாபாரம் படுத்தபோது, அவர்கள் கையிலிருந்த தோலைக் கொண்டே வாகனங்களுக்குச் சீல் செய்ய இறங்கினார்கள். ஆஸ்திரியப் பொறியாளர் வால்டர் சிம்மரின் பெயரால் ‘சிம்மரிங்’ என்று அது உலகெங்கும் போனது. பிறகு தோலின் இடத்துக்குச் செயற்கை ரப்பர் வந்தது. பல்லாவரத்திலும் ஆம்பூரிலும் தோல் ஊறும் தொட்டிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு, கடல்நீரைத் தடுக்கும் இந்தக் கறுப்பு வளையம் அந்தத் தொழிலின் பேரப்பிள்ளை என்பது எவ்வளவு பெரிய செய்தி!

சோதனைக்கு வருகிறேன். ஆயிலை முழுக்க வடித்து, கீழ்த் திருகை மூடி, மேல் துளையில் கைப்பம்பை இணைத்து 10 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். பெட்டியைத் தண்ணீர் டிரம்மில் அமிழ்த்தி, ஷாப்ட்டை மெதுவாகச் சுற்றுங்கள், பக்கவாட்டில் லேசாக அசைத்துப் பாருங்கள். குமிழி எங்கே கிளம்புகிறதோ அங்கேதான் வழி. அதோடு நிறுத்திவிடாதீர்கள். உள்ளழுத்தம் உள்சீலின் உதட்டை ஷாப்ட்டில் இன்னும் இறுக்கும். வெளிச்சீல் கிழிந்திருந்தாலும் பெட்டி இந்தச் சோதனையில் தேறிவிடலாம். வெற்றிடப் பம்பால் உறிஞ்சியும் பார்க்க வேண்டும்.

புதுச் சீல் போடுமுன் ஷாப்ட்டில் நகத்தை ஓட்டுங்கள். பழைய உதடு உரசிய இடத்தில் நகம் சிக்கினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. எத்தனை சீல் மாற்றினாலும் ஒழுகும். இந்த மோட்டாரில் நகம் சிக்கியது. எஸ்டேட் லேத்தில் மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் ஏற்றினோம். திருகுகளின் வாஷர்களையும் மாற்றுங்கள். அற்பக் காசு, ஆனால் பாதி ஒழுகல்கள் சீலைப் பழிசுமக்க வைத்துவிட்டு அங்கேதான் ஒளிந்திருக்கின்றன என்பது என் கணிப்பு.

மேலிருந்து இறங்கும் டிரைவ் ஷாப்ட்டின் சீலைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். வைன்ஹைம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. அந்தச் சீல் தண்ணீர்ப் பம்புக்கு அடியில் இருக்கிறது. அடுத்த வாரம் பம்பைக் கழற்றுகிறோம். கூடவே கழற்றுபவர்கள், இம்பெல்லரைப் பிடித்திருக்கும் சின்னக் கீயைத் தனி டப்பாவில் போட்டு வையுங்கள்.

(தொடரும்)